மீதி நூற்று முப்பத்துநான்கு மீட்டர்

ஓஸ்லோ
ஜூலை 1, 1994

ஹல்வார்,

1957 ஆகஸ்டில் நானும் அப்பாவும் மூடுபனிக்குள் நின்று தொட்ட கற்குவியல், கோட்டை மலையின் உச்சிதானா? மூன்று நாளாக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். பதில் எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பரணிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதை நான்கு வரியில் முடித்துவிட்டாய். மாரெனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, நம் வீட்டுப் பிள்ளைகள் கோட்டைக்கு ஏறும் வயது அது, உன் காலில் மாவுக்கட்டு, பெர்கித் வைக்கோல் வேலையை விட்டு நகர முடியாது, ஆகவே ஆகஸ்டில் உன் மகளை நான்தான் கூட்டிப் போக வேண்டும் என்பதை மட்டும் இரண்டு பக்கத்துக்கு விரித்திருக்கிறாய். நான் மறுத்துவிடக் கூடாது என்று, அப்பா எடுத்த பழைய படத்தையும் உள்ளே வைத்திருக்கிறாய். அதன் பின்னால் “பிள்ளைகளில் முதலில் ஏறியவள், வயது 11” என்று எழுதியிருப்பது உன் கையெழுத்து. கேலியா பாராட்டா என்று பிரிக்க முடியவில்லை.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கம்பளித் தொப்பி, சளி ஒழுகும் மூக்கு, கற்குவியலின் மேல் என் கை. சுற்றிலும் வெள்ளை. ஆனால் என் இடது தோளுக்குப் பின்னால் பனி ஓர் இடத்தில் கிழிந்திருக்கிறது. கிழிசலுக்குள் கறுப்பாக ஒரு கல்சரிவு. அது மேலே போகிறது. என் தொப்பிக்கும் மேலே போகிறது.

ரொண்டானே தேசியப் பூங்கா முழுவதிலும் உயரமான மலை கோட்டை. அதன் உச்சியில் நிற்கும் ஒருத்தியின் தலைக்கு மேலே வேறு எந்தச் சரிவும் போக முடியாது.

அதன் பிறகு நான் அந்த மலைக்குப் போகவே இல்லை, உனக்குத் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் அப்பா கேட்பார், கோட்டைக்கு வருகிறாயா என்று. நான்தான் ஏற்கெனவே போய்விட்டேனே என்பேன். நம் குடிலின் கதவுநிலையில் அவர் தன் கத்தியால் வெட்டிய என் பெயர், இன்றும் உன் பெயருக்கு மேலே இருக்கிறது.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நீ நாற்பது முறை போனவன். எந்தக் கற்குவியல் அது? என்னைச் சமாதானப்படுத்த எதுவும் எழுதாதே. பார்த்ததை எழுது.

காலை அசைக்காமல் இரு.

யோருன்


ஓட்டா, பண்ணை
ஜூலை 6

யோருன்,

கால் உடைந்தவனுக்கு எல்லோரும் ஆறுதல் எழுதுவார்கள், பூ அனுப்புவார்கள். என் அக்கா தடயவியல் அறிக்கை அனுப்பியிருக்கிறாள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “அவ நல்லாத்தான் இருக்கா” என்றாள்.

சரி, பார்த்ததை எழுதச் சொன்னாய். படத்தில் உன் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக்கல் சாய்ந்து நிற்கிறது, சோபாவின் முதுகு மாதிரி. அந்தக் கல்லில் சாய்ந்து நான் குடித்த காபியைச் சேர்த்தால் ஒரு பீப்பாய் நிறையும். அது கோட்டை இல்லை. வின்யெ முகடு.

உனக்கு வழி மறந்திருக்கும். ஏரிக்கரை விடுதியிலிருந்து ஏறினால் முதலில் வருவது வின்யெ முகடு, இரண்டாயிரத்து நாற்பத்துநான்கு மீட்டர். அங்கிருந்து ஓர் இடைப்பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறினால்தான் கோட்டை, இரண்டாயிரத்து நூற்று எழுபத்தெட்டு. மூடுபனி இருந்தால் எதிரே மலை இருப்பதே தெரியாது. ஒவ்வொரு கோடையிலும் யாராவது நாலு பேர் வின்யெயில் நின்று கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு, உச்சி தொட்ட சந்தோஷத்தோடு இறங்குகிறார்கள். விடுதியில் சூப் குடிக்கும்போது யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை. மரியாதை.

ஆக, உனக்கு மீதி நூற்று முப்பத்துநான்கு மீட்டர். முப்பத்தேழு வருஷத்துக்கு முந்தைய மீதி. சிரித்துவிட்டு விடு. மாரெனிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீ கூட்டிப் போவாய் என்று மட்டும் சொன்னேன். “அத்தை கணக்கு டீச்சர்தானே, வழி தப்ப மாட்டாங்க” என்றாள்.

எப்போது ரயில் ஏறுகிறாய்?

ஹல்வார்


ஓஸ்லோ
ஜூலை 12

ஹல்வார்,

சிரிக்க முயன்றேன்.

அப்பாவின் உயரமானி என்னிடம் இருக்கிறது. குடிலும் கத்தியும் உனக்கு, உயரமானி எனக்கு என்றுதான் எழுதி வைத்தார். தோல் உறையில், மேசை இழுப்பறையில், பதின்மூன்று வருஷமாக. அன்றைக்கும் அவர் கழுத்தில் அதுதான் தொங்கியது.

அந்தக் கருவி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து அதை உயரமாகச் சொல்கிறது. காலையில் ஏரிக்கரையில் முள்ளைச் சரிசெய்துகொண்டு கிளம்ப வேண்டும். நடுவில் வானிலை கெட்டு அழுத்தம் இறங்கினால், நாம் ஏறாத உயரத்தையும் ஏறியதாக அது காட்டும். இது நினைவுக்கு வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. மூடுபனி வந்த நாள் அல்லவா? அழுத்தம் இறங்கியிருக்கும், முள் அப்பாவை ஏமாற்றியிருக்கும், அவரும் நம்பியிருப்பார். யார் மேலும் குற்றமில்லை.

நேற்று நூலகத்துக்குப் போய்ப் பழைய வானிலைப் பதிவேடுகளில் அந்த நாளைத் தேடி எடுத்தேன். காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே அழுத்தம் ஆறு மில்லிபார் இறங்கியிருக்கிறது. ஒரு மில்லிபாருக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள். அறுபது மீட்டர். வின்யெ முகட்டில் முள் இரண்டாயிரத்து நூறுக்குக் கொஞ்சம் மேலே நின்றிருக்கும். கோட்டைக்கு இன்னும் எழுபதுக்கு மேல் குறைகிறது.

அப்பா நில அளவையாளர். எழுபது மீட்டரைத் தவறவிடுகிற மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே “வந்துட்டோம்” என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது, ஹல்வார். மூடுபனிக்குள்ளிருந்து, சந்தோஷமாக.

ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் மாணவர்களுக்கு நான் அவரைப் பற்றித்தான் சொல்கிறேன். முள் காட்டுவதைப் படி, நீ விரும்புவதைப் படிக்காதே என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று. இருபது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

கதவுநிலையில் இருக்கும் என் பெயரை இழைத்து எடுத்துவிடு. மாரெனை வேறு யாராவது கூட்டிப் போகட்டும். போகாத ஒருத்தி, போனவளாக வழிகாட்ட முடியாது.

யோருன்


ஓட்டா
ஜூலை 17

யோருன்,

உன் கடிதத்தை முதல் முறை படித்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் ஆடுகளிடம் கத்தினேன். ஊன்றுகோலோடு. அவை பழகிவிட்டன.

1961-இல் நான் கோட்டைக்கு ஏறினேன். உண்மையான கோட்டைக்கு, வெயிலில், பன்னிரண்டு வயதில். கீழே வந்ததும் அப்பா கைகுலுக்கி “நல்லது” என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லோர் முன்னாலும், “உங்க அக்கா பதினொரு வயசுலயே போயிட்டாளாமே” என்றார். முப்பத்துமூன்று வருஷமாக நான் இந்த வீட்டில் இரண்டாவது. நாற்பது முறை அந்த மலைக்குப் போனது மலைமேல் உள்ள ஆசையால் மட்டும் என்று நினைத்தாயா? இப்போது நீ ஒரே வரியில் எழுதுகிறாய், இழைத்து எடுத்துவிடு என்று. உனக்கு எல்லாமே சான்று. நானும் ஒரு மனுஷன், அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவைப் பற்றி வேறு. இறந்துபோன மனிதரை நிற்கவைத்து, மில்லிபார் மில்லிபாராகக் குறுக்கு விசாரணை செய்கிறாய். அன்றைக்கு உனக்குப் பதினொரு வயது. குளிரில் விறைத்துப்போன பிள்ளையிடம் ஒரு மனிதர் ஒரு வார்த்தை சொன்னால்தான் என்ன?

கோபத்தில் நீ சொன்னபடியே செய்வது என்று முடிவுசெய்தேன். இழைப்புளியை எடுத்துக்கொண்டேன். பெர்கித்தான் வண்டியோட்டினாள். வழி முழுக்க, “அம்பது வயசுல ரெண்டு குழந்தைங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு நாற்பத்தைந்துதான் என்றேன். கேட்கவில்லை.

குடிலின் கதவுநிலைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த நிலையை இதுவரை உட்கார்ந்து பார்த்ததில்லை, தலையை இடித்துக்கொண்டுதான் பழக்கம். அப்பா பெயர், 1938. கீழே மூன்று கீற்றில் ஒரு சின்னக் கோட்டை. என் பெயர், 1961. கீழே கோட்டை. சித்தப்பா பிள்ளைகள் இருவர், எனக்கும் பிறகு ஏறியவர்கள், ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் கோட்டை. எல்லாம் அப்பா வெட்டியவை.

உன் பெயர், 1957. கீழே ஒன்றும் இல்லை. வெறும் மரம்.

இடம் விட்டிருக்கிறார், யோருன். என் பெயரை ஒரு விரல்கடை தள்ளித்தான் தொடங்கியிருக்கிறார். ஒரு கோட்டைக்குப் போதுமான இடம்.

நான் இழைக்கவில்லை. இழைத்து எடுக்க அங்கே பொய் எதுவும் இல்லை.

ஹல்வார்

மாரென் புது பூட்ஸைப் பழக்குவதற்காக வீட்டுக்குள்ளும் அதோடுதான் நடக்கிறாள். அவளிடம் என்ன சொல்வது என்று நீயே எழுது.


ஓஸ்லோ
ஜூலை 30

ஹல்வார்,

மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். நான்காவது இது, சின்னதாக இருக்கும்.

நீ இரண்டாவது என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். உன் வாத்தியார் சொன்னதை நீ அன்றே வீட்டில் சொல்லியிருந்தால், நான் மேலும் பெருமைப்பட்டிருப்பேன் என்பதும் எனக்குத் தெரிகிறது. மன்னித்துவிடு.

கோட்டை முத்திரையைப் பற்றி: அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. அந்த வழக்கத்தையே அப்பா 1961-இல் உன்னோடு தொடங்கியிருக்கலாம். தன் பெயருக்குக் கீழே அப்போதுதான் சேர்த்திருக்கலாம். விட்ட இடம் வெறும் இடமாக இருக்கலாம். ஒரே ஒரு பெயரில் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. இதைப் படித்துவிட்டு நீ ஆடுகளிடம் போவாய் என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் சிக்கல் முத்திரை இல்லை. அந்தச் சொல்தான். “வந்துட்டோம்.” முத்திரை வெட்டாதவர், அந்தச் சொல்லை ஏன் சொன்னார்? உன்னிடம் நேர்மையாக ஒன்று சொல்கிறேன். அதை அவர் எனக்காகச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. புரிந்தும் வலிக்கிறது.

மாரெனைக் கூட்டிப் போகிறேன். ஆகஸ்ட் 10 மத்தியான ரயிலில் வருகிறேன். ஒரே நிபந்தனை. மலைமேல் அவளிடம் முள் காட்டுவதைத்தான் சொல்வேன். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

யோருன்


ஓட்டா
ஆகஸ்ட் 4

யோருன்,

ஆடுகளிடம் போகவில்லை. அம்மாவிடம் போனேன்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். கத்தியை நிறுத்தவில்லை. “அவர் எங்க பேசினார்? பேசினதெல்லாம் உங்க அக்கா. மூணு தடவை சொன்னா. ஒவ்வொரு தடவையும் மலை கொஞ்சம் உயரமாச்சு” என்றாள். நீ வழியெல்லாம் பாடிக்கொண்டே இறங்கி, தொண்டை கட்டிப்போய் வந்தாயாம். அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு கதவண்டை போய் வெகு நேரம் நின்றாராம். அம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உன் பதிவேட்டில் சேர்த்துக்கொள்.

இனி வேலைப் பேச்சு. கல்லுக்குக் கல் சிவப்பு ‘T’ பூசியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போ. ஒரு ‘T’யில் நின்றால் அடுத்தது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் திரும்பிவிடு. இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடு. திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று விடுதிச் சுவரில் தொங்கும் விதிப்பலகையை மாரென் மனப்பாடமாக ஒப்பிப்பாள், நீ கேட்காமலே. உள்ளே கம்பளி போட்டுக்கொள், பருத்தி வேண்டாம். மேலே ஏறிவிட்டால் எல்லாம் ஆடும் கற்கள். கயிறெல்லாம் தேவையில்லை, கால் வைக்கும் இடத்தைப் பார்த்தால் போதும். நீ பார்ப்பாய். உலகத்தில் வேறு யாரையும்விட நீ பார்ப்பாய். அதனால்தான் உன்னைக் கேட்டேன். வேறு ஆள் கிடைக்காததால் இல்லை.

1957 கதையை அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். வகுப்பில் எல்லோரிடமும் உன்னைப் பற்றி அளந்து வைத்திருக்கிறாள்.

நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறேன். அவள் என் மகள், தாங்குவாள்.

ஹல்வார்


ஏரிக்கரை விடுதி
ஆகஸ்ட் 11, மாலை

ஹல்வார்,

நாளை மறுநாள் மாரெனை உன் வாசலில் விட்டுவிட்டு நான் மத்தியான ரயிலைப் பிடித்துவிடுவேன். மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் உன்னிடம் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி அவள் பையில் வைக்கிறேன்.

ஆறு கிலோமீட்டர் நடந்து வந்தோம். அவள் ஒரு நிமிஷம்கூட வாயை மூடவில்லை. உன் ஆடுகளில் எது எதற்குப் பகை என்பது முழுவதும் இப்போது எனக்குத் தெரியும். இடது மணிக்கட்டில் பேனாவால் 2178 என்று எழுதியிருக்கிறாள். குளித்தபோது அழிந்ததாம், மறுபடி எழுதியிருக்கிறாள்.

நீ எதிர்பார்த்த கேள்வியை இரண்டாவது கிலோமீட்டரில் கேட்டாள். “அத்தை, பதினொரு வயசுல மேல நின்னப்போ எப்படி இருந்துச்சு?” வெள்ளையாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்றேன். அப்பா சாக்லேட்டை உடைத்துப் பெரிய துண்டை எனக்குக் கொடுத்தார், அது ஞாபகம் இருக்கிறது என்றேன். இரண்டும் உண்மை. அவளுக்கு அது போதவில்லை. அப்புறம் ஆடுகளுக்குத் திரும்பினாள்.

சாப்பாட்டு மேசையில் பெர்கனிலிருந்து வந்த ஒரு தம்பதி. நாளை மத்தியானத்துக்கு மேல் மலை பனியில் மூடிக்கொள்ளும் என்று விடுதிக்காரர் சொன்னார். நாங்கள் ஏழு மணிக்கே கிளம்புகிறோம். ரொட்டித் துண்டுகளை வெட்டி, நடுவில் தாள் வைத்து, பழுப்புப் பாலாடைக்கட்டியோடு பொட்டலம் கட்டியாகிவிட்டது. நான் கட்டியதைப் பிரித்து அவள் மறுபடி கட்டினாள். நீ கட்டுகிற மாதிரி இல்லையாம்.

முத்திரை இல்லாததைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சொன்னதைப் பற்றியும். நாளைக்கு மூடுபனி வந்தால் என்ன சொல்வேன் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. உன்னிடம் சொன்னதைத்தான் செய்வேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நின்று முள்ளைச் சரிசெய்தோம். வளையத்தை மாரெனே ஏரியின் உயரத்துக்குத் திருப்பினாள், ஆயிரத்து நூற்று அறுபத்தேழு. பள்ளத்தாக்கு வரை வெயில் இருந்தது. வெளிர்ப்பாசியெல்லாம் காய்ந்து மொறுமொறுவென்றிருந்தது. தூரத்தில் பனிமான்கள் பதினொன்று, அவள் எண்ணினாள். கற்சரிவு தொடங்கியதும் பேச்சு நின்றது. அவள் ஏறும் விதம் உன்னுடையது, முழங்காலில் கையூன்றாமல். நான் ஊன்றினேன்.

பன்னிரண்டரை மணிக்கு மூடிக்கொண்டது. விடுதிக்காரர் சொன்னதைவிட முன்னதாக. ஆனால் சிவப்பு ‘T’க்கள் ஒன்றிலிருந்து ஒன்று தெரிந்தன. ஏறினோம். கடைசிச் சரிவில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் என்னை விட்டு முன்னால் ஓடிவிட்டாள். பத்தடி தள்ளி அவள் சிவப்புச் சட்டைகூடக் கரைந்துபோனது. நான் நின்று உயரமானியை வெளியே எடுத்தேன். அழுத்தம் இறங்கியதால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது, இரண்டாயிரத்து எழுபது.

அப்போது மேலேயிருந்து, மூடுபனிக்குள்ளிருந்து, குரல் வந்தது.

“அத்தை, வந்துட்டோம்!”

ஹல்வார், என் கை தானாகவே உயரமானியை உறைக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தியது. பொத்தான் “டப்” என்றது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அது எனக்குக் கீழேயிருந்து வரக் கேட்டேன். ஒரு கையைக் கற்குவியல் மேல் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து, கத்திவிட்டு. அப்பா எனக்குக் கீழே நின்றிருந்தார். கழுத்திலிருந்த உறையை மூடினார். ஒன்றும் சொல்லவில்லை. ஏறி வந்து, சாக்லேட்டை உடைத்தார்.

கத்தியது நான்தான். அந்தச் சொல் அவருடையது என்று இத்தனை வருஷமாக என் காதில் வைத்துக்கொண்டிருந்தது என்னுடைய குரல். அழுத்தத்தை, மீட்டரை, படத்தை, எல்லாவற்றையும் சரிபார்த்த நான், என் ஞாபகத்தை மட்டும் சரிபார்க்கவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை. வெட்டும்போதும் சொல்லவில்லை. இடம் விட்டு வைத்தார். பிறகு ஒவ்வொரு கோடையிலும் கேட்டார், வருகிறாயா என்று. நான் சொன்ன பதில் உனக்குத் தெரியும்.

நான் மேலே போனேன். மாரெனின் முகம் எப்படி இருந்தது என்பதை உனக்கு எழுத என்னால் முடியாது. பலகைக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்தோம். சாக்லேட்டை எடுத்து உடைத்துப் பெரிய துண்டை அவளிடம் கொடுத்தேன். அது கரையும் வரை நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். அப்பா அங்கே எவ்வளவு நேரம் நின்றிருப்பார் என்று தெரியவில்லை.

பிறகு உயரமானியை அவள் கையில் வைத்தேன். நீயே படி என்றேன்.

படித்தாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். “இது கெட்டுப்போச்சா?” என்றாள்.

“இல்ல.”

வரைபடத்தை விரித்தாள். நான் உதவவில்லை. விரலை வைத்து, “வின்யெ” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இடைப்பள்ளத்தின் பக்கம் பத்தடி போய்ப் பார்த்தோம். அடுத்த ‘T’ தெரியவில்லை. காத்திருந்தோம், தெரியவில்லை. மணி ஒன்று நாற்பது. திரும்புகிறோம் என்று சொன்னேன். விதிப்பலகையில் இருப்பதை அவள் ஒப்பிக்கவில்லை.

இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினாள். 1957-இல் நான் பாடிக்கொண்டே இறங்கினேன் என்று அம்மா சொன்னது அவ்வளவு நேரமும் கூடவே வந்தது. நான் செய்தது சரி என்று நினைக்கிறேன். அப்பா செய்தது தவறு என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

ஓடைக்கரையில் முகம் கழுவ நின்றோம். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“உங்க பேருக்குக் கீழயும் கோட்டை இல்லையே, அத்தை. நான் சின்னதுலேர்ந்தே பார்த்திருக்கேன். அப்பா அதை வெட்ட மறந்துட்டார்னு நினைச்சேன்.”

வெட்டியது உன் அப்பா இல்லை, தாத்தா, அவர் எதையும் மறக்கிறவர் இல்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நீ வேண்டாம் என்றாய், மீறிவிட்டேன். பூட்ஸால் ஒரு கல்லை உருட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கல்லை ஓடைக்குள் தள்ளினாள்.

“அப்போ தாத்தாவுக்கு அடுத்து நம்ம வீட்டுல அப்பாதான் ஃபர்ஸ்ட்டா?”

“ஆமா.”

“அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அப்புறம் அவர் பெருமை தாங்க முடியாது.”

சொல்லிவிட்டேன். முதலாவதாக ஏறியவன் நீதான், ஹல்வார். வெயிலில், பன்னிரண்டு வயதில். நல்லது என்பதற்கு மேல் எனக்கும் எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதை இரண்டு முறை சொல்கிறேன். நல்லது.

ஐந்தரைக்கு விடுதிக்கு வந்தோம். பெர்கன் தம்பதி கோட்டை ஏறினீர்களா என்று கேட்டார்கள். மாரென் இல்லை என்றாள், தலையை நிமிர்த்தி. சூப் வருவதற்குள் விடுதிப் பதிவேட்டை இழுத்துத் தன் பெயரை எழுதினாள். போன இடம் என்ற கட்டத்தில்: வின்யெ முகடு, 2044. அடுத்துப் போகும் இடம் என்ற கட்டத்தில்: கோட்டை, 1995 ஆகஸ்ட், இரண்டு பேர்.

பேனாவை என் பக்கம் தள்ளினாள். அவள் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.

யோருன்